காப்பர்-டியா, அந்தரா ஊசியா?

பென்னாகரம், அரூர் பக்கம் அடுத்த குழந்தைக்கு கொஞ்சம் கேப் விடணும்னு நெனைக்கற பொண்ணுங்களுக்கு கவர்மென்ட் ஆஸ்பத்திரியில காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள்ள வைக்கற சின்ன கருத்தடை சாதனம்), அந்தரா (கருத்தடை ஊசி) ரெண்டுமே ஃப்ரீதான். காப்பர்-டி 380ஏ ஒருதடவ போட்டா 10 வருஷம் வரைக்கும் தாங்கும், 375ன்னா 5 வருஷம், பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள்ளயே வச்சு விட்டுடலாம், எடுத்துட்டா தாமதமில்லாம மறுபடி கரு தங்கலாம். ஆனா மொதல் சில மாசம் பீரியட்ஸ்ல ரத்தம் ஜாஸ்தி போகும், வயித்துவலியும் இருக்கும், ஏற்கனவே ரத்தசோகை இருக்கறவங்க டாக்டர்கிட்ட அத சொல்லிட்டு போடுங்க.

அந்தரா வேற மாதிரி, 3 மாசத்துக்கு ஒரு ஊசி, பால் குடுக்கறவங்க 6 வாரம் கழிச்சு போட்டுக்கலாம், வெளிய யாருக்கும் தெரியாது (மாமியார் கேள்வியும் இல்ல!). பீரியட்ஸ் கன்னாபின்னான்னு வரும், சிலருக்கு நின்னே போயிடும், நின்னா பயப்பட ஒண்ணுமில்ல, கெட்ட ரத்தம் உள்ள தேங்குதுங்கறதெல்லாம் சும்மா. ஆனா நிறுத்துன பிறகு கரு தங்க, கடைசி ஊசியிலருந்து 7-10 மாசம் ஆகலாம், அதனால சீக்கிரமே அடுத்த குழந்தை வேணும்னா இது வேணாம். பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போயிட்டு பொங்கலுக்கு மட்டும் ஊருக்கு வர்றவங்களுக்கு ஊசி தேதி தவறிடும், அவங்களுக்கு நான் காப்பர்-டிதான் சொல்லுவேன். ரெண்டுமே பால்வினை நோயை தடுக்காது, அதுக்கு ஆணுறைதான்.