வாழத் தகுந்த நகரங்களின் பட்டியல்: ஊர் மாறும் முன் பார்க்கலாமா?

எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் என்ற ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் இந்தப் பட்டியலை, வேலை மாறும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். 173 நகரங்கள், நூற்றுக்கு மதிப்பெண். மருத்துவத்துக்கும் உள்கட்டமைப்புக்கும் தலா 20 சதவீதம், கல்விக்கு 10. மூன்று ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த வியன்னாவை 2025-இல் கோபன்ஹேகன் முந்தியது. ஒப்பிட்டுப் பார்க்க நல்லது, சரி. ஆனால் வாடகையும் விலைவாசியும் கணக்கிலேயே இல்லை! மாதக் கடைசியில் நம்மை அழுத்துவது அதுதானே?

நல்ல பெயருள்ள ஒரு நகரில் இரண்டு வருடம் இருந்தேன். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். விடியும் முன்பே பிரேக் சத்தத்தில் கண்ணாடி அதிரும். எதிர்வீட்டு அம்மாவோ, நான் ஊரில் இல்லாத நாட்களில் என் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். இரண்டுக்கும் இந்தப் பட்டியலில் மதிப்பெண் கிடையாது.

முதல் வடிகட்டலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அங்கே ஒரு வாரம் தங்கி, காலை எட்டு மணிக்கு அலுவலகம் வரை போய்ப் பாருங்கள்.