யுங்ஃப்ராவ் வட்டார நடைபாதைகள்: பலகையின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

சுவிட்சர்லாந்தின் கிரிண்டெல்வால்ட், வெங்கன், லாட்டர்ப்ரூனன், மியூரன் ஆகிய நாலு ஊரைச் சுற்றிய நடைபாதைகளில் தள்ளுவண்டிக் குழந்தைக்கும் இடம் உண்டு, இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறுபவருக்கும் இடம் உண்டு. பராமரிப்பில் குறை சொல்ல ஏதுமில்லை. இந்த நாட்டில் நடைபாதைகள் அரசியல் சாசனத்திலேயே இருக்கின்றன. 1979-இல் பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதற்கு ஒப்புதல் தந்தார்கள், 1987-இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிக்கல் எல்லாம் பாதையைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

வெறும் மஞ்சள் பலகை என்றால் சாதாரண நடை. மஞ்சள் பலகையின் முனையில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால் மலைப்பாதை: குறுகல், செங்குத்து, சில இடங்களில் சரிவின் விளிம்பு. நீலப் பலகையில் வெள்ளை-நீலம்-வெள்ளை இருந்தால் கையும் வேலை செய்ய வேண்டும், பனிப்பாறை குறுக்கிடலாம். இந்த நிறங்கள் சொல்வது காலடியில் என்ன இருக்கிறது என்பதை மட்டுமே. எவ்வளவு மூச்சு வாங்கும், முழங்கால் என்ன பாடு படும் என்பதைச் சொல்லாது. இந்த வட்டாரத்தில் பாதியிலேயே நொண்டுபவர்களை முடக்குவது ஏற்றமல்ல, இறக்கம். ஆகவே கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். எத்தனை மீட்டர் இறங்க வேண்டும் என்று பாருங்கள்.

பலகையில் தூரம் இருக்காது, நேரம்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஓய்வு, சாப்பாடு, படம் எடுப்பது எதுவும் சேராது. சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் நடப்பவரை வைத்துப் போட்ட கணக்கு அது. மலை நடைக்குப் பழகாதவர்கள் பலகை 2 மணி என்றால் 3 மணி வைத்துக்கொள்வது நல்லது.

முதல் நாளுக்கு மியூரன்–கிரூட்ச்ஆல்ப் பாதைதான் எங்கள் சிபாரிசு. மியூரன் 1,638 மீட்டரில், கிரூட்ச்ஆல்ப் 1,486 மீட்டரில். சுமார் நாலரை கிலோமீட்டர், ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகும். மியூரனிலிருந்து நடந்தால் மெல்லிய இறக்கம். ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் ஆகிய மூன்று சிகரங்களும் பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் கூடவே வரும். நடுவில் விண்டெரெக் நிலையம் இருப்பதால், குழந்தை அழுதாலோ மழை பிடித்தாலோ அங்கேயே ரயிலேறிவிடலாம். இதைவிட எளிது வேண்டுமானால் லாட்டர்ப்ரூனனிலிருந்து ஷ்டெகெல்பெர்க் வரை பள்ளத்தாக்குத் தரையில் நடந்து, பஸ்ஸில் திரும்பலாம்.

எல்லோரும் போவது மென்லிகன்–கிளைன ஷைடெக். 2,225 மீட்டரிலிருந்து 2,061 மீட்டருக்கு அகலமான சரளைப் பாதை, ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம். பெரிய சக்கரத் தள்ளுவண்டி போகும், சின்னச் சக்கரம் சரளையில் சிக்கும். திசையை மாற்றி நடப்பவர்களைப் பார்க்கலாம். வேண்டாத ஏற்றம், மலைக்கூட்டமும் முதுகுப் பக்கம் போய்விடும். இங்கே நடக்கும் பெரிய தவறு டிக்கெட்டில். மென்லிகனுக்குக் கேபிள் காரில் போக வர டிக்கெட் எடுத்துவிட்டு, நடந்து முடிந்ததும் கிளைன ஷைடெக்கில் ரயிலுக்கு இன்னொரு டிக்கெட் எடுப்பார்கள். ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறு என்றால் இரண்டு ஒருவழி டிக்கெட்தான்.

கிரிண்டெல்வால்டுக்கு மேலே கேபிள் கார் போய்ச் சேரும் ஃபிர்ஸ்டிலிருந்து பாக்ஆல்ப்ஸே ஏரிக்குப் போகும் வழி அழகுதான், மறுக்கவில்லை. 2,166 மீட்டரிலிருந்து 2,265 மீட்டர், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் காலை பத்துக்கு மேல் திருவிழாக் கூட்டம். ஏரியில் மலை தலைகீழாகத் தெரியும் படம் வேண்டுமானால் காற்று எழும்பும் முன்பே போய்ச் சேர வேண்டும். தண்ணீர் சிலிர்த்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

ஐகர் ட்ரெய்ல் பெயருக்காகவே பலர் போகிறார்கள். 2,320 மீட்டரில் உள்ள ஐகர்கிளெட்ஷர் நிலையத்திலிருந்து 1,616 மீட்டரில் உள்ள ஆல்பிக்லன் வரை, ஆறு கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வெள்ளை-சிவப்பு-வெள்ளை. 2020 டிசம்பரில் ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் வந்தபின் கிரிண்டெல்வால்டிலிருந்து 15 நிமிடத்தில் மேலே போய்விடலாம் என்பதால், நடையே பழகாதவர்களும் இங்கே இறங்கிவிடுகிறார்கள். எழுநூறு மீட்டர் இறக்கம், அதில் செங்குத்தான பகுதி கடைசியில், கால் தளர்ந்த பிறகு வரும். இறக்கத்தில் தொடைத் தசை நீண்டபடியே எடையைத் தாங்குகிறது. அது சோர்ந்ததும் அடி தப்பும், சரளை உருளும். இரண்டு கோல் அவசியம். இறங்கும்போது கோலை ஏற்றத்தில் பிடிப்பதைவிட ஐந்து பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். ஷூ முடிச்சைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டாவிட்டால் பெருவிரல் முன்னால் போய் இடித்து நகம் கறுக்கும்.

ஒரு ஏமாற்றத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐகர் சிகரத்தின் 1,800 மீட்டர் உயர வடக்குச் சுவரின் காலடியில் நடக்கிறீர்கள் என்றாலும், அவ்வளவு கிட்டத்தில் சுவர் குறுகித்தான் தெரியும். அதன் முழு உயரம் மனதில் பதிவது மென்லிகன் பாதையிலிருந்து.

இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு முழுநாள்தான் இருக்கிறது, கால் பழகியது என்றால், யோசிக்காமல் ஷீனிகெ பிளாட்டெ–ஃபௌல்ஹோர்ன்–ஃபிர்ஸ்ட். பதினாறு கிலோமீட்டர், பலகைக் கணக்கில் ஆறு மணி. வில்டர்ஸ்வில்லிலிருந்து 1893-இல் ஓடத் தொடங்கிய பல்சக்கர ரயில் ஐம்பது நிமிடம் முனகியபடி 1,967 மீட்டரில் உள்ள ஷீனிகெ பிளாட்டெவுக்கு ஏறும். அங்கிருந்து ஒரு பக்கம் பிரியென்ஸ் ஏரி, மறுபக்கம் பனிமலை. 2,344 மீட்டரில் மென்ட்லெனன் விடுதி. அதுதான் முடிவெடுக்கும் இடம். மேகம் கறுத்திருந்தாலோ, நேரம் பகல் ஒரு மணியைத் தாண்டியிருந்தாலோ திரும்பிவிடுங்கள். அடுத்து வருவது 2,681 மீட்டர் ஃபௌல்ஹோர்ன் உச்சிக்குத் திறந்தவெளி முகட்டில் ஏற்றம், இடி இறங்கினால் ஒதுங்க இடமில்லை. அந்த விடுதியை ஒட்டிய சரிவுகளில் ஜூன் கடைசியிலும், சில வருடம் ஜூலையிலும், பழைய பனி கிடக்கும். காலையில் அது கண்ணாடி போல இறுகியிருக்கும், ஷூவின் விளிம்பு இறங்காது. வழுக்கினால் நிற்பது கீழே கல்லில்தான்.

கணக்கு இப்படி: ஆறு மணி நடை, இரண்டு மணி ஓய்வு. ஒன்பதுக்குத் தொடங்கினால் மாலை ஐந்துக்கு ஃபிர்ஸ்ட். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்பதை அன்று காலையே பார்த்து வையுங்கள், பருவத்துக்குப் பருவம் மாறும். தவறவிட்டால் 1,034 மீட்டரில் உள்ள கிரிண்டெல்வால்டுக்கு இன்னும் 1,100 மீட்டர் இறக்கம், அதுவும் இருட்டில். முகட்டில் குழாயைத் தேடாதீர்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும். கீழே மேய்ச்சல் நிலத்துத் தொட்டிகளில் ‘கைன் ட்ரிங்க்வாஸர்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது.

மேய்ச்சல் நிலத்தில் பாதையின் குறுக்கே மின்வேலி வரும். கம்பியின் முனையில் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும். அதை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, கடந்ததும் மறுபடி மாட்டிவிட வேண்டும். கன்றுக்கும் தாய்ப்பசுவுக்கும் நடுவே போகாதீர்கள். நாய் உடன் வந்தால் சுற்றிப் போவதே மேல்.

அதற்கும் மேலே வேண்டுபவர்களுக்கு 2,928 மீட்டர் ஷ்வார்ஸ்ஹோர்ன். நடந்து ஏறும் வழி ஒன்று, ஏணியும் இரும்புக் கயிறும் பதித்த கிளெட்டர்ஸ்டைக் வழி ஒன்று. இரண்டாவதற்கு ஹெல்மெட், ஹார்னஸ், அதிர்வு தாங்கி உள்ள இரட்டைக் கொக்கிப் பட்டை மூன்றும் வேண்டும். சாதாரணப் பட்டையைக் கட்டிக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. போகக் கூடாது: இரும்புக் கயிற்றில் விழுந்தால் கொக்கி அடுத்த ஆணி வரை சறுக்கிப் போய்த்தான் நிற்கும், பட்டையின் நீளத்தைப் போலப் பல மடங்கு உயரம் விழுந்த வேகம் ஒரே இழுப்பில் உடம்பில் இறங்கும், பட்டையும் அறுந்துபோகும்.

உயரமான பாதைகள் ஜூன் நடுவிலோ ஜூலையிலோ திறந்து அக்டோபரில் முடியும். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கேபிள் கார்களைப் பழுதுபார்க்கச் சில வாரம் நிறுத்துவார்கள். ஹோட்டல் பதிவுக்கு முன் அந்தத் தேதிகளைப் பாருங்கள். விபத்து என்றால் ஹெலிகாப்டர் மீட்புக்கு, சுவிஸ் வான்மீட்பு அமைப்பான ரேகாவின் (Rega) எண் 1414.