இரண்டு கம்பளங்களும் பதினோர் ஆண்டுகளும்

சேலம் அழகாபுரத்தில் எங்கள் வீடு. ஏற்காட்டில் மாமனார் விட்டுச்சென்ற ஓட்டு வீடு ஒன்றும் உண்டு. முதல் கம்பளத்தை 2013-இல் சேலம் வீட்டுக் கூடத்திற்காகவும், இரண்டாவதை அடுத்த ஆண்டு ஏற்காட்டு வீட்டிற்காகவும் வாங்கினோம். இரண்டையும் விற்றவர்கள் "கையால் செய்தது" என்றே சொன்னார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் முதலாவது ஏழாம் ஆண்டில் குப்பைக்குப் போயிற்று. இரண்டாவது, என் தவற்றால் உள்ளங்கையளவு மொட்டையாகிப்போன ஓரிடத்தைத் தவிர, இன்றும் வாங்கிய நாளின் உறுதியோடு இருக்கிறது.

முதலாவது ஐந்துக்கு ஏழு அடி. விலை எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கால் புதையும் அளவுக்குத் தடிமன். முதல் சில மாதங்கள் பெருக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி பஞ்சு வந்தது. புதுக் கம்பளியில் அது இயல்புதான், அதற்காக யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசி மழையில் கூடம் முழுவதும் ரப்பர் நாற்றம் அடித்தபோதுதான் கவலைப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் ஊதுவத்தி ஏற்றிவிட்டு இருந்துவிட்டோம். ஆறாம் ஆண்டு கோடையில், வெள்ளையடிப்பதற்காக அதைத் தூக்கினோம். சிவப்பு சிமெண்ட் தரையில், கம்பளம் கிடந்த ஐந்துக்கு ஏழு அடியிலும், கடலை மாவைச் சலித்துக் கொட்டியதுபோல் வெளிர்மஞ்சள் தூள் படர்ந்திருந்தது. விரலில் தேய்த்தால் பிசுபிசுப்பே இல்லை.

அது கம்பளத்தைப் பிடித்துவைத்திருந்த ரப்பர் பால். இவ்வகைக் கம்பளத்தில் முடிச்சே கிடையாது. இழுத்துக் கட்டிய பருத்தித் துணியில், துப்பாக்கி போன்ற ஒரு கருவியைக் கையில் பிடித்துக் கம்பளி நூலைக் குத்திக் குத்தி ஏற்றுகிறார்கள். பின்புறம் ரப்பர் பால் பூசி நூலை ஒட்டவைத்து, மேலே இன்னொரு துணியைப் போட்டு மூடிவிடுகிறார்கள். கையால் செய்தது என்பது உண்மைதான். ஆனால் அதன் ஆயுள் கம்பளியின் ஆயுள் அன்று, பசையின் ஆயுள். மேற்குப் பார்த்த எங்கள் கூடத்தில், சித்திரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், பசை காய்ந்து உதிர ஆறு கோடைகள் போதுமாயிருந்தன. அதன்பிறகு பேரன் ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் ஒரு சாண் வரிசை அப்படியே கையோடு வந்தது.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய முதல் வேலை கம்பளத்தைத் திருப்பிப் போடுவது. பின்புறம் முழுவதையும் துணி மூடியிருந்தால் அது பசை போட்டது. கையால் முடிச்சிட்ட கம்பளத்தில் முன்புறத்துப் பூவும் கொடியும் பின்புறத்திலும் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு முடிச்சும் கேழ்வரகு மணிபோல் விரலுக்குத் தட்டுப்படும். இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சங்கள், நெடுக ஓடும் பாவு நூலின் நீட்சியாக இருக்க வேண்டுமே தவிர, தைத்து ஒட்டியவையாக இருக்கக் கூடாது. நனைத்துப் பிழிந்த வெள்ளைக் கைக்குட்டையால் சிவப்பும் நீலமும் உள்ள இடங்களில் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். துணியில் சாயம் ஏறினால் வாங்க வேண்டாம். உதிர்ந்த இழை ஒன்றைக் கொளுத்தினால் கம்பளி முடி கருகும் வாடையோடு பொடியும், செயற்கை இழை உருகி உருண்டையாகும். என் இரண்டாவது கம்பளத்தை விற்றவர் தாமே தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். பேரம் பேச நினைத்ததில் பாதியை அத்துடன் விட்டுவிட்டேன்.

அவர் உத்தரப் பிரதேசத்தின் பதோஹியிலிருந்து சேலத்துக்கு வந்த கைவினைக் கண்காட்சியில் கடை போட்டிருந்தவர். நாலுக்கு ஆறு அடி, சதுர அங்குலத்துக்கு அறுபது முடிச்சு. சதுர அடி எண்ணூறு ரூபாய் என்றதும் முதலில் மலைத்தோம். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த இருபத்து நான்கு சதுர அடியில் இரண்டு இலட்சத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகள் இருக்கின்றன. முடிச்சு எண்ணிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: எண்ணிக்கை கூடினால் சித்திரம் நுணுக்கமாகும், அவ்வளவுதான், நடமாட்டம் உள்ள வீட்டுக்குத் தடித்த கம்பளியில் அறுபதோ எண்பதோ போதும் என்பது என் கருத்து. முந்நூறு முடிச்சுக் காஷ்மீரப் பட்டுக் கம்பளத்தை ஏற்காட்டுச் செம்மண் காலோடு மிதிக்க மனம் வருமா? கம்பளியைப் பொறுத்தவரை, ராஜஸ்தானின் பிகானேர் பக்கத்து ஆட்டு ரோமம் கம்பளத்துக்கென்றே பெயர் பெற்றது. ஆட்டுக்குப் பெயர் போன மாவட்டம்தான் நம்முடையதும். ஆனால் மேச்சேரி ஆடு கறிக்கும் தோலுக்கும் உரியது, நெய்வதற்கு அதனிடம் ரோமம் இல்லை.

கறைகளில் எனக்குப் பாடம் கற்பித்தது சாம்பார். வெளிர்ப் பழுப்புக் கரையில் ஒரு கரண்டியளவு கொட்டியது. பதற்றத்தில் துணி சோப்பைத் தேய்த்தேன். மஞ்சள் கறை கண்ணெதிரே குங்கும நிறமாக மாறிற்று. மஞ்சள் சுண்ணாம்பு போன்ற காரப் பொருளோடு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கிற யாருக்கும் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காரத்தன்மையுள்ள சோப்பு கம்பளிக்கும் ஆகாது. கம்பளி நம் தலைமுடியைப் போன்ற புரதம் என்பதால், நொதி கலந்த சலவைத்தூளும் குளோரின் ப்ளீச்சும் அதையே அரித்துவிடும். தண்ணீரில் சிறிது வெள்ளை வினிகர் கலந்து ஒற்றியதில் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பியது. அந்த மஞ்சளை, அந்த ஓரத்தை மட்டும் காலை வெயிலில் நாலைந்து நாள் காட்டியதில், வெயிலே எடுத்துவிட்டது. காபி கொட்டினால் இன்று நான் செய்வது ஒன்றுதான்: பழைய வேட்டித் துணியால் கறையின் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுப்பது, தேய்ப்பதே இல்லை.

ஏற்காட்டில் கறையைவிடப் பெரிய தொல்லை ஈரம். பிற்பகலில் மூடுபனி சன்னல் வழியே கூடத்துக்குள் வந்துவிடும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது, பாதத்துக்குச் சில்லென்று மட்டும் இருக்கும். ஆனால் பாவும், குறுக்கே ஓடும் ஊடையும் பருத்தி. பூசணம் பிடிப்பது அங்கேதான். முதல் மழைக்காலத்தில் அடியில் பழைய பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டு, அதன் சிவப்புச் சாயம் குஞ்சத்தில் ஏறியது வேறு கதை. இப்போது சாயமில்லாத ஃபெல்ட் விரிப்பைப் போடுகிறேன். மழைக்காலத்தில் வெயில் முகம் காட்டும் காலைகளில் கம்பளத்தை எடுத்துத் திண்ணைச் சுவரில் இரண்டு மணி நேரம் போட்டுவைக்கிறேன்.

இவ்வளவு கவனமாக இருந்த நான் செய்த பெருந்தவறு, அதை அளவுக்கு மீறிப் பாதுகாத்ததுதான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, வீடு பூட்டிக் கிடக்குமே என்று கம்பளத்தைச் சுருட்டி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, நாப்தலீன் உருண்டைகளை உள்ளே போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கீழே இறங்கினோம். ஓராண்டு கழித்து, 2021 மார்ச் இறுதியில்தான் மேலே போக முடிந்தது. சுருளைப் பிரித்த வீட்டு வேலைக்கார அம்மா, "செவப்பு அரிசியாட்டம் என்னமோ ஒட்டிக்கெடக்குதுங்கம்மா" என்றார். நெல்மணி அளவில் சிவந்த கூடுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு புழுத்தலை. அந்துப்பூச்சியின் புழு தான் தின்னும் கம்பளியிலேயே கூடு கட்டிக்கொள்வதால், கம்பளத்தின் சிவப்பே அதன் சட்டையும் ஆகிவிட்டது. ஒரு மூலையில் கம்பளி முழுவதையும் மேய்ந்துவிட்டு, பருத்திப் பாவையும் ஊடையையும் மட்டும் அறுத்த வயல்போல் விட்டுவைத்திருந்தது. இருட்டும் அசைவின்மையும்தான் அந்தப் புழுவுக்கு வேண்டியவை. இரண்டையும் நானே கட்டிக் கொடுத்திருந்தேன். நாப்தலீனின் ஆவி காற்றுப்புகாத பெட்டிக்குள் தேங்கினால்தான் பூச்சியைக் கொல்லும். இரு முனையும் திறந்த சுருளில் அது நாற்றத்தை மட்டுமே விட்டுச்சென்றது.

கம்பளத்தைப் புதிய பிளாஸ்டிக் உறையில் கட்டி, காரில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுவந்தோம். பங்குனி வெயிலில் மொட்டை மாடித் தளம் செருப்பில்லாமல் நிற்க முடியாதபடி கொதித்தது. நிறம் வெளுக்காமலிருக்கப் பின்புறம் மேலே வருமாறு விரித்து, பதினொன்று முதல் மூன்று மணி வரை, மூன்று நாள் காயவிட்டேன். நாள்தோறும் மாலையில் கொடியில் தொங்கவிட்டுப் பின்புறத்திலிருந்து அடித்து, இரு பக்கமும் வேக்குவம் போட்டு, பையை உடனே தெருவின் குப்பைத் தொட்டியில் சேர்த்தேன். வேக்குவத்தில் சுழலும் பிரஷை ஓடவிடக் கூடாது. அது முடிச்சிலிருந்து இழையைப் பிடுங்கும், குஞ்சத்தையும் சுற்றிக்கொள்ளும். மேலே வந்த பூச்சியைக் கீழ் ஊர் வெயில் தீர்த்தது; அதன்பின் ஒரு கூட்டைக்கூட நான் காணவில்லை.

இப்போது கம்பளம் மீண்டும் ஏற்காட்டில், நடமாட்டம் மிகுந்த முன்கூடத்தில் கிடக்கிறது. போகிக்கு ஒருமுறை, ஆடிப்பெருக்கிற்கு ஒருமுறை அதைத் தலைமாற்றிப் போடுகிறோம். தேய்மானமும் சன்னல் வெளிச்சமும் ஒரே பக்கம் விழாமல் இருக்கிறது. மொட்டை மூலையில் புதிய முடிச்சிட ஆள் தேடினேன். விலை கேட்டபின் அந்த எண்ணத்தைத் தள்ளிவைத்தேன். அந்த மூலை ஆறு மாதம் வாசற்பக்கமும் ஆறு மாதம் சன்னல் பக்கமும் இருக்கும். வாசற்பக்கம் வரும்போது விருந்தினர் யாராவது கேட்பார்கள், நானும் இந்தக் கதையைச் சொல்வேன். சோபாவை நகர்த்தி மறைத்துவிடலாம் என்று கணவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார், இருட்டில் வைக்க மாட்டேன் என்று நானும் ஒவ்வொரு முறையும் மறுக்கிறேன்.