சோற்றுத் தட்டா, பப்பாளி மரமா?

கொல்லைக்குப் பறவைகளை வரவழைக்க எது நல்லது? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டுக் கொல்லையில் இரண்டையும் செய்து பார்த்தாயிற்று. தட்டில் மிச்சச் சோறு வைத்தால் மைனாவும் காகமும் உடனே ஆஜர். இரவில் எலியும் வரும். சோற்றில் மாவுச்சத்துதான் மிகுதி. குஞ்சு வளரப் புரதம் வேண்டும். அதனால்தான் பழம் தின்னும் கொண்டைக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சி தேடி அலைகிறது.

பப்பாளியில் ஒரு பழத்தைப் பறிக்காமல் விட்டோம். செம்பருத்திக்கு மருந்தடிப்பதை நிறுத்தினோம். இலையெல்லாம் ஓட்டை, அம்மா முணுமுணுத்தார். ஆனால் தேன்சிட்டு வந்தது. குண்டுக்கரிச்சான் புழுவைக் கவ்விக்கொண்டு வேலியில் நின்றது. குளிர்நாடுகளில் வசந்தம் வந்தால் குஞ்சு பொரிக்கும் அவசரம். நமக்கோ வசந்தமே கிடையாது; கூடு கட்டும் காலமும் நீளம்.

தட்டை எடுத்துவிட்டேன். தினமும் கழுவி நிரப்பும் தண்ணீர்ச் சட்டி மட்டும் இருக்கிறது.