வீட்டில் பிளக் இல்லாமல் மின்சார கார்: தென்சென்னையின் பொது சார்ஜர்கள் எப்படி இருக்கின்றன?

ஆதம்பாக்கத்தில் இருக்கிறேன். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பக்கவாதம் வந்தவர்கள், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் பாட்டிகள். காலை ஏழு மணிக்கு நங்கநல்லூரில் தொடங்கினால் மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை, சில நாள் பெருங்குடி என்று சுற்றிவிட்டு வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும். இதற்காக டாடா டியாகோ இவி வைத்திருக்கிறேன், 24 யூனிட் பேட்டரி. வீட்டில் சார்ஜ் போட வழியில்லை. ஊரில் இருக்கும் பொது சார்ஜர்களை மட்டும் நம்பித்தான் வண்டி ஓடுகிறது. சென்னையில் அப்படி ஓட்ட முடியுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் எந்த சார்ஜருக்குப் போகிறோம் என்பதைப் பொறுத்து அன்றைய நாளே மாறிவிடும்.

வீட்டில் ஏன் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். இந்தக் காருக்கு வீட்டில் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஏசிக்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் ஒன்று, ஒழுங்கான எர்த் இருந்தால் போதும், ராத்திரி முழுக்க மெதுவாக ஏறிவிடும். எங்கள் கட்டடத்தில் ஈபி மீட்டர் பெட்டி முன்பக்கம் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. என் கார் நிற்கும் இடம் பின்பக்கக் காம்பவுண்டு சுவர் ஓரம். இடையே கேபிள் இழுக்க அசோசியேஷன் ஒப்புக்கொள்ளவில்லை. தீப்பிடிக்கும் என்று பயம். புதிய கட்டடங்களில் நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜிங் வசதி வேண்டும் என்று மத்திய அரசு 2019-இல் மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தது. நல்ல விதிதான். முப்பது வருடத்துக்கு முன்பு கட்டிய எங்கள் மூன்று மாடிக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

டாடா பவர், ஜியோ-பிபி, ஸ்டேட்டிக், கோயம்புத்தூரிலிருந்து வந்த ஜீயான், எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்குகள் என்று ஊரில் சார்ஜர் வைத்திருப்பவர்கள் பலர். நிறுவனம் நிறுவனமாகப் பிரித்து எழுதினால் உங்களுக்குப் பயன்படாது என்றே நினைக்கிறேன். ஒரே பெயர்ப் பலகை மாட்டிய இரண்டு நிலையங்கள் முற்றிலும் வேறு வேறாக இருப்பதைப் பார்த்துவிட்டேன். அதனால் இடத்தை வைத்தே சொல்கிறேன்.

முதலில் மால் பேஸ்மென்ட். வெயில் இல்லை, வெளிச்சம் உண்டு, கழிப்பறை சுத்தம். புதிதாக வண்டி வாங்கியவர்கள் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. இரண்டாவது தளத்துக்குக் கீழே இறங்கினால் போனில் சிக்னல் போய்விடும். சார்ஜரை ஆரம்பிப்பதே ஆப் வழியாகத்தான் என்னும்போது அங்கே நின்றுகொண்டு என்ன செய்வது? கன்னை, அதாவது கேபிள் முனையில் இருக்கும் பிளக்கை, வண்டியில் மாட்டிவிட்டு சிக்னல் வரும் இடம் வரை நடந்து, ஆப்பில் தொடங்கிவிட்டுத் திரும்பி வந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். சார்ஜ் கட்டணத்துக்கு மேல் பார்க்கிங் கட்டணம் தனி. சனி, ஞாயிறில் சார்ஜிங் கட்டத்துக்குள் பெட்ரோல் வண்டிகள் நிற்கும். பச்சை பெயின்ட் அடித்து எழுதியிருந்தும் நிறுத்திவிட்டுப் படம் பார்க்கப் போய்விடுகிறார்கள். மூன்று மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். மால் ஆட்கள் மைக்கில் வண்டி எண்ணை அறிவித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நான் போன இடங்களில் செய்யவில்லை.

பெட்ரோல் பங்க் சார்ஜர்கள் எண்ணிக்கையில் அதிகம், வரைபடத்தில் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். மத்திய மின்துறை நகரங்களில் 3 கிலோமீட்டருக்கு 3 கிலோமீட்டர் கட்டத்துக்குள் ஒரு நிலையமாவது இருக்க வேண்டும் என்று 2018-லேயே வழிகாட்டுதல் கொடுத்தது. நான் ஓடும் பகுதியில் வரைபடப்படி அதைவிட நெருக்கமாகவே புள்ளிகள் இருக்கின்றன. போய்ப் பார்க்கும்போதுதான் தெரியும். ஒரு பங்கில் சார்ஜர் பெட்டியைச் சுற்றி ஆயில் டின்களை அடுக்கி வைத்திருந்தார்கள். இன்னொன்றில் திரை எரிகிறது, கன் எடுத்து மாட்டினால் எதுவும் நடக்கவில்லை. கேட்டால், "அது எங்களுது இல்ல மேடம், கம்பெனிக்குப் போன் போடுங்க" என்றார் பெட்ரோல் போடும் தம்பி. அவர் மேல் தவறில்லை. அவருக்கு அதைப் பற்றி யாருமே சொல்லிக்கொடுக்கவில்லை. பலகையில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தால் வேறு ஊரிலிருந்து ஒருவர் எடுத்து, நிலையத்தின் குறியீட்டு எண் கேட்டு, புகார் பதிந்தாயிற்று என்கிறார். என் வண்டியில் 12 சதவீதம், அடுத்த நோயாளி பள்ளிக்கரணையில்.

சில இடங்களில் பழைய பாரத் டிசி-001 இயந்திரங்களும் இன்னும் நிற்கின்றன. 15 கிலோவாட், முதலில் வந்த மஹிந்திரா இ-வெரிட்டோ, பழைய டிகோர் மாதிரி வண்டிகளுக்கானது. இப்போது வரும் கார்களில் இருப்பது சிசிஎஸ்-2. கன் வடிவமே வேறு, மாட்டவே முடியாது. ஆப்பில் 'டிசி ஃபாஸ்ட்' (வேகமாக ஏற்றும் வகை) என்று மட்டும் போட்டிருந்தால் கன் வகையையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கிலோவாட் எண்ணையும் பாருங்கள். 60 கிலோவாட், இரட்டை கன் என்று இருந்தால், பக்கத்தில் இன்னொரு வண்டி நிற்கும்போது பெரும்பாலும் ஆளுக்கு முப்பதுதான் கிடைக்கும். என் வண்டி சிறியது, முப்பதே அதற்குத் தாராளம். பெரிய பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு அது கூடுதலாக அரை மணி நேரக் காத்திருப்பு.

இனி எனக்குப் பிடித்த இடம். வேளச்சேரி பக்கம் காலி மனை ஒன்றை வாடகைக்கு எடுத்து, தகரக் கூரை போட்டு, நான்கைந்து கன்கள் வைத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. தரை பாதி சிமென்ட், பாதி ஜல்லி. ஆனால் அங்கே ஒருவர் இருக்கிறார். பகலில் ஒருவர், இரவில் ஒருவர், இரவு ஆள் கயிற்றுக் கட்டிலோடு. மற்ற நிலையங்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முழுக்க இந்த இரண்டு பேர்தான்.

முதல்முறை போனபோது ஒரு இயந்திரம் செத்துக் கிடந்தது. ஆப்பில் அது தயார் என்று பச்சையாகக் காட்டியது. நான் வண்டியைத் திருப்பப் போனேன். "இருங்கமா, போவாதீங்க" என்று வந்தார் பகல் அண்ணா. இயந்திரத்தின் பக்கவாட்டில் இருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பொத்தானை யாரோ அழுத்திவிட்டுப் போயிருந்தார்கள். அதை வலதுபக்கம் திருகிவிட்டார், பொத்தான் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் திரை உயிர் பெற்றது. "பசங்க விளையாட்டுக்கு அமுத்திட்டுப் போய்டுறானுங்கமா. இத மட்டும் பாத்துக்கிட்டீங்கன்னா பாதி எடத்துல உங்களுக்கு சார்ஜ் கெடைக்கும்" என்றார். அவர் சொன்னது உண்மை. பங்குகளில் 'வேலை செய்யவில்லை' என்று எல்லோரும் திரும்பிப்போன இயந்திரங்களில் சிலவற்றை அந்தப் பொத்தானைத் திருகியே ஓட வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த அண்ணா செய்யும் வேலைகளைப் பட்டியல் போட்டால் அந்த நிறுவனத்துக்கே தெரியுமா என்று சந்தேகம். 80 சதவீதம் தாண்டிய வண்டிக்காரருக்குப் போன் செய்து எடுக்கச் சொல்வார். 80-க்கு மேல் பேட்டரி தானாகவே மின்சாரத்தைக் குறைத்துத்தான் வாங்கும், கடைசி 20-க்கு ஆகும் நேரத்தில் இன்னொருவர் பாதி ஏற்றிவிடலாம் என்பது அவருக்குத் தெரியும், பொறுமையாக விளக்குவார். கேபிளைத் தரையில் விடாமல் கொக்கியில் மாட்டுவார். அந்தக் கேபிள் நல்ல கனம். மணிக்கட்டு வலி இருப்பவர்களுக்கு அவரே தூக்கி மாட்டிவிடுவார். போன் தெரியாத பெரியவர் வந்தால் ஆப்பில் பணம் போடக் கற்றுக்கொடுப்பார். பெட்ரோல் கார் உள்ளே வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

டாக்ஸிக்காரர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகை வண்டி, வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த வண்டி. மஞ்சள் எழுத்துக்காரர்கள் சார்ஜரை அடைத்துக்கொள்கிறார்கள் என்று சொந்த வண்டிக்காரர்கள் பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. அவர்களுக்கு அது சோறு. ஷிப்ட் மாறும் நேரமான விடியற்காலையிலும் மாலை நாலு மணி வாக்கிலும் வரிசை இருக்கும், அந்த நேரத்தைத் தவிர்த்துவிட்டால் போதும். எந்தக் கன் எப்போது மக்கர் செய்யும், எந்த பங்கில் இன்று கரன்ட் இல்லை என்பதெல்லாம் எந்த ஆப்பையும்விட அவர்களுக்குச் சரியாகத் தெரியும். நான் போவது பகல் ஒரு மணிக்கு. நோயாளிகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் எனக்கு இடைவெளி. பத்திலிருந்து எண்பது ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதற்குள் டிபன் பாக்ஸைக் காலி செய்துவிட்டு, காலையில் பார்த்தவர்களின் குறிப்புகளை எழுதி முடித்துவிடுவேன்.

செலவுக் கணக்கு. டிசி சார்ஜரில் ஜிஎஸ்டி சேர்த்து யூனிட்டுக்குச் சுமார் 20 ரூபாய், சில இடங்களில் 24, 25 வரைகூட. ஒரு யூனிட்டில் நகர நெரிசலில் ஏசி போட்டு ஏழு, ஏழரை கிலோமீட்டர் வருகிறது. ஆக கிலோமீட்டருக்கு மூன்று ரூபாயை ஒட்டி. லிட்டர் நூறு ரூபாய் பெட்ரோலில் இதே சாலையில் 14, 15 ஓடினால் ஏழு ரூபாய் ஆகும். மிச்சம் உண்டு. ஆனால் வீட்டு பிளக்கில் போடுபவருக்கு இதே கிலோமீட்டர் ஒரு ரூபாய் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பொது சார்ஜிங் சேவைக்கு 18. சொந்த வீடும் சொந்த நிறுத்துமிடமும் இருப்பவருக்குக் குறைவு, என்னைப் போல இல்லாதவருக்கு அதிகம் என்றுதான் இது போய் முடிகிறது. இது நியாயமே இல்லை, மாற்றியாக வேண்டும்.

ஆப்களுக்கான வாலட் பற்றியும் ஒரு வரி. ஒவ்வொன்றிலும் முன்பணம் போட வேண்டியிருப்பதால் அங்கங்கே நூறு, இருநூறு சிக்கிக் கிடக்கும். பாதியில் நின்றுபோன சார்ஜிங்குக்குப் பிடித்த பணம் ஒருமுறை பத்து நாள் கழித்துத்தான் வந்தது. யுபிஐ க்யூஆர் நேரடியாக ஒட்டியிருக்கும் இயந்திரங்களும் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடம் உங்கள் வழியில் இருந்தால் அதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இரவு நேரத்தைப் பற்றி ஆண்கள் எழுதும் விமர்சனங்களில் படித்ததே இல்லை. ஆள் இல்லாத பங்க் மூலையில், விளக்கு எரியாத சார்ஜர் பக்கத்தில், நகர முடியாதபடி வண்டியைக் கேபிளில் பூட்டிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும்? ஓடும் சார்ஜிங்கை நிறுத்தாமல் கன் வராது. நிறுத்தி, இறங்கி, கழற்றி, ஏறித்தான் கிளம்ப முடியும். வேளச்சேரி நிலையத்தில் கட்டிலில் இரவு அண்ணா இருப்பதால் நான் பயமில்லாமல் கண்ணாடியை இறக்கிவிட்டு இருப்பேன். சாவி கேட்டால் கொடுக்கும் ஒரு கழிப்பறையும் உண்டு. நாள் முழுக்க வெளியே சுற்றும் வேலையில் இதன் அருமை தனி.

மழைக்காலம் வந்தால் கணக்கே வேறு. கன்னும் சாக்கெட்டும் மழையில் நனையும் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார்கள். வண்டியும் இயந்திரமும் ஒன்றோடொன்று பேசி எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் மின்சாரமே பாயும். அதனால் தூறலில் சார்ஜ் போடப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது தேங்கும் தண்ணீருக்கு. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அப்படிப்பட்ட நாட்களில் பேஸ்மென்ட் சார்ஜர்களை முதலில் அணைத்துவிடுவார்கள், பல தெருக்களில் கரன்ட்டும் போய்விடும். ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்தாலே முந்தின நாள் மதியம் 80-இல் நிறுத்தாமல் முழுக்க ஏற்றிவிடுகிறேன். நின்றுபோனால் என் வீட்டுக்கு மட்டும் நஷ்டமில்லை, நடக்கப் பழகிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஒரு நாள் போய்விடும்.

மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜர்களுக்கென்று 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எத்தனை இயந்திரம் நட்டோம் என்பதோடு, எத்தனை நாள் ஓடியது என்பதையும் பார்த்துப் பணம் கொடுத்தால் இந்த ஊர் மாறிவிடும். பகல் ஒருவர், இரவு ஒருவர் சம்பளத்துக்கும் அதில் பங்கு ஒதுக்கட்டும். அப்புறம், மாநகராட்சியின் பார்க்கிங் இடங்களில் விலை உயர்ந்த டிசி எதுவும் வேண்டாம், மெதுவாக ஏற்றும் 7 கிலோவாட் ஏசி சார்ஜர்களை வரிசையாக வைத்தால் எங்கள் மாதிரி பழைய கட்டடக்காரர்கள் ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்வோம்.

பல்லாவரம், மேடவாக்கம், தாம்பரம் பக்கம் ஆள் இருக்கும் நிலையம் எது என்று தெரிந்தவர்கள், சார்ஜர் இருக்கும் இடங்களைக் காட்டும் ஆப்பான பிளக்‌ஷேரில் போட்டோவோடு பதிந்துவிடுங்கள். கன் வகை, கூரை உண்டா, கழிப்பறை உண்டா, இரவில் யாராவது இருக்கிறார்களா, இந்த நான்கும் இருந்தால் போதும். அடுத்த மாதத்திலிருந்து எனக்குக் குரோம்பேட்டையில் இரண்டு நோயாளிகள்.