சுவர் ஈரம் பார்க்கும் மீட்டர்: மழைக்கு முன் வாங்கலாமா?

குரோம்பேட்டையில் எங்களுடையது 1990களில் கட்டிய தனி வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒன்று, அதற்கு மேல் தட்டோடு பதித்த மொட்டைமாடி. சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதனால் செப்டம்பரில் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவது என் பொறுப்பு. வீட்டுக்காரருக்கு ஏணி என்றாலே தலை சுற்றும். இந்த முறை கூடுதலாக ஒரு மாய்ஸ்சர் மீட்டர் வாங்கினேன். இணையத்தில் 1200 ரூபாய் சொச்சம். ஒரே மீட்டரை ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்கள், அதனால் பிராண்டு சொல்லிப் பயனில்லை. மஞ்சள் நிறம், கைப்பிடி அளவு, தலையில் இரண்டு ஊசிகள். அதுதான்.

வாங்கத் தூண்டியது கீழ் ஹாலின் கிழக்குச் சுவர். கூரைக்கு ஓரடி கீழே பெயின்ட் உப்பி, பட்டி பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த, நீர்க்கசிவுக்குக் கோட்டிங் அடிக்கும் ஆள் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. "மொட்டைமாடித் தண்ணிதாம்மா இறங்குது, முழுசா கோட்டிங் அடிச்சாதான் நிக்கும்" என்றார். 60,000 ரூபாய்க்கு மேல் எஸ்டிமேட். மாடித் தண்ணீர் என்றால் மேல் போர்ஷனின் கூரை நனையாமல் கீழ் ஹாலுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "தண்ணி எங்க வேணா ஓடும்மா." அது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்தச் சுவருக்கும் எந்த வைத்தியமும் சொல்லலாமே!

மீட்டர் வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு ஊசிகளையும் சுவரில் அழுத்தினால் நடுவே துளி மின்சாரம் ஓடும். ஈரம் கூடக் கூட மின்சாரம் சுலபமாகப் பாயும், திரையில் எண் ஏறும். மரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று என்று இரண்டு வகை அளவு இருக்கிறது. அடிப்படையில் இது மரத்துக்கான கருவி. மரத்தில் காட்டும் சதவீதத்தை ஓரளவு நம்பலாம், செங்கல் சுவரில் நம்ப முடியாது. சுவரில் எண்ணைப் படிக்கக் கூடாது, இடத்துக்கு இடம் எண் எப்படி மாறுகிறது என்று ஒப்பிட வேண்டும். பெட்டியோடு வரும் ஒற்றைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

முதலில் நன்றாகக் காய்ந்திருக்கும் உள் சுவர் ஒன்றில் குத்திப் பார்த்தேன். 3, 4 என்று நின்றது. மேல் போர்ஷன் கூரையிலும் அதே 3, 4. மொட்டைமாடி மேல் பழி போட முடியாது என்பது அங்கேயே தெரிந்துபோனது. அப்புறம் கிழக்குச் சுவரில் அடிக்கு ஒரு பென்சில் புள்ளி வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினேன். தரையோரம் காய்ந்திருந்தது. மேலே போகப் போக ஏறி, உப்பிய இடத்தில் 20ஐத் தாண்டியது. அதற்கு நேர் மேலே இருப்பது மேல் போர்ஷன் குளியலறை. தரையிலிருந்து ஓதம் ஏறினால் கீழேதான் எண் அதிகமாக இருக்கும், மூன்று நான்கு அடி ஏறுவதற்குள் குறைந்துவிடும். இங்கே நேர் எதிர்.

அந்தக் குளியலறையைப் பூட்டி வைத்தோம். நாள் போகப் போக எண் இறங்கிக்கொண்டே வந்தது. தொட்டியிலிருந்து வரும் பைப்பில் கசிவு என்றால், பூட்டி வைத்தாலும் ஈரம் குறையாது, குழாய்க்குள் எப்போதும் தண்ணீர் நிற்கும். குறைந்தது என்றால் தரையில் ஊற்றும் தண்ணீர்தான் இறங்குகிறது. பிளம்பர் வந்து, தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி டிராப்பைச் சுற்றியிருந்த டைல்ஸை எடுத்துப் பார்த்தார். ஓரம் முழுக்க விட்டுப்போயிருந்தது. சரி செய்து, டைல்ஸ் இடுக்கை அடைக்கும் எபாக்ஸி கிரவுட் போட்டதற்குக் கோட்டிங் எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இத்தனை சொன்னாலும் கருவிக்குக் குறைகள் நிறைய. உப்புப் பூத்த சுவரில் இது ஏமாற்றும். எங்கள் காம்பவுண்டு சுவர் உச்சி வெயிலில் காய்ந்து கிடக்கும்போதே 25 காட்டியது. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உப்பு அதில் கரைந்து மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் எண் எகிறும். உப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அளந்தால் கொஞ்சம் இறங்குகிறது, ஆனாலும் நம்ப முடியவில்லை. தூணும் சுவரும் சேரும் இடத்தில் பூச்சுக்குள் கோழிவலை வைத்திருப்பார்கள். ஊசி அதைத் தொட்டாலும் எண் உச்சிக்குப் போகும். ஊசிகள் குட்டையானவை, அதனால் பூச்சின் மேல்தோல் மட்டும்தான் தெரியும், உள்ளே செங்கல் நனைந்திருக்கிறதா என்று தெரியாது. ஆழம் வரை பார்க்கும் ஊசியில்லாத மாடல்கள் இருக்கின்றன, விலை பல மடங்கு. புதிதாகப் பட்டி பார்த்த சுவரில் ஜோடி ஜோடியாகத் துளை விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுவிட்ச்போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் குத்தவே குத்தாதீர்கள், உள்ளே ஒயர் ஓடும்.

ஒன்பது வோல்ட் பேட்டரி பெட்டியில் வராது. தனியாக வாங்க வேண்டும்.

இது கையில் இருக்கிறது என்பதற்காக மாடிக்குப் போகாமல் இருக்க முடியாது. மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலை அடைத்திருப்பதை எந்த மீட்டரும் சொல்லாது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பூச்சு விட்டிருக்கிறதா, தட்டோடு இடுக்குகளில் செடி முளைத்திருக்கிறதா, சன்ஷேட் அடியில் கம்பி துருப்பிடித்துப் பூச்சு வெடித்திருக்கிறதா, மழைநீர் சேகரிப்புத் தொட்டியின் கூழாங்கல் சேறாகியிருக்கிறதா, இதற்கெல்லாம் கண்ணும் காலும்தான் வேண்டும். மொட்டைமாடி மேல் சந்தேகம் தீராதவர்கள் நீர்ப்போக்கு வாய்களைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் தேக்கிப் பார்க்கலாம். மீட்டர் அதற்குத் துணைக்கு வரும். தேக்குவதற்கு முன் கூரையின் அடியில் எடுத்த எண்ணையும் மறுநாள் எண்ணையும் ஒப்பிட்டால், கண்ணுக்குக் கறை தெரிவதற்கு முன்பே ஈரம் தெரிந்துவிடும்.

வாடகை வீட்டிலோ புது ஃபிளாட்டிலோ இருப்பவர்களுக்கு இது தேவையில்லை. பழைய வீட்டுக்காரர்கள், அதிலும் கோட்டிங் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வாங்குங்கள். ஊசி தனியாகக் கிடைக்கும் மாடலாகப் பார்த்து எடுங்கள். சிமென்ட் பூச்சில் குத்திக் குத்தி என்னுடையது இப்போதே முனை மழுங்கிவிட்டது.