நாள்பட்ட மூக்கடைப்பு: ஆபரேஷனா, ஸ்பிரேயா?

எங்கள் வீட்டில் இரண்டு அடைத்த மூக்குகள். எனக்கு நடுத்தண்டு வளைவு, அதாவது இரண்டு மூக்குத் துவாரங்களையும் பிரிக்கும் நடுச்சுவர் கோணல், அதற்கு ஆபரேஷன் செய்துகொண்டேன். தம்பிக்குத் தூசி ஒவ்வாமை, அவன் பல வருஷமாக ஸ்பிரேயோடு இருக்கிறான். இரண்டு பேருமே இப்போது வாயை மூடிக்கொண்டு தூங்குகிறோம். அதனால் யாராவது கேட்டால் இரண்டு பக்கமும் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது, ஆனாலும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆபரேஷன் பக்கம் சாய்ந்தவன். எல்லோருக்கும் அல்ல, தண்டு வளைந்தவர்களுக்கு.

தெரிந்த சங்கதிகளைச் சீக்கிரம் கடந்துவிடுவோம். ஆவி பிடிப்பது, நொச்சி இலை, விக்ஸ் எல்லாம் அந்த நேரத்துக்கு ஒரு இதம், அவ்வளவுதான். மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துகள் சில நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும், ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் விடாமல் போட்டால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும், அதற்காக மறுபடி போட வேண்டியிருக்கும். நாள்பட்ட அடைப்புக்கு அது வைத்தியமே இல்லை, எனவே ஒப்பீட்டுக்குள் அதைச் சேர்க்கவில்லை. மூக்குக்குள் பாலிப் என்ற சதைக்கட்டி வளர்ந்தவர்கள், மூக்கின் பின்பக்கச் சதையான அடினாய்டு வீங்கிய குழந்தைகள் கதையும் வேறு.

ஆக எதிரெதிரே நிற்பது இரண்டுதான். ஒருபக்கம் தினமும் ஸ்டீராய்டு ஸ்பிரே, கூடவே உப்புத் தண்ணீரால் கழுவுதல், தேவைப்பட்டால் ஒவ்வாமை மாத்திரை. இன்னொரு பக்கம் செப்டோபிளாஸ்டி, அதாவது வளைந்த தண்டை நேராக்குவது. பலருக்கு அதோடு சேர்த்துப் பக்கவாட்டில் வீங்கியிருக்கும் டர்பினேட் சதையையும் சுருக்குவார்கள்.

எதைத் தேர்ந்தாலும் என்னைப் பொறுத்தவரை பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பராமரிப்பு. மாதாமாதம் எதற்காக மெனக்கெடுகிறோம், அந்த மெனக்கெடலுக்கு மூக்கு பதில் சொல்கிறதா?

மழைக்காலத்தில் கதவு மூடவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். மரம் ஊதியிருக்கும், இல்லையென்றால் நிலையே கோணலாக வைத்திருப்பார்கள். ஊதிய மரம் வெயில் வந்தால் அடங்கும், கோணல் நிலைக்கு எத்தனை வெயில் அடித்தும் பிரயோஜனம் இல்லை. ஸ்பிரே செய்வது வீக்கத்தை அடக்கும் வேலை மட்டுமே, வளைந்த தண்டின் குருத்தெலும்பை அது தொடவே தொடாது.

உங்களுக்கு இதில் எது என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. இ.என்.டி. டாக்டர் வீக்கம் குறைக்கும் மருந்தை மூக்கில் விட்டு, பத்து நிமிஷம் போல உட்கார வைத்து, மறுபடி எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார். தம்பிக்கு இரண்டு பக்கமும் விரியத் திறந்துகொண்டது. எனக்கு இடது பக்கம் திறந்தது, வலது பக்கம் பெரிதாக மாற்றம் இல்லை. மருந்து போட்ட பிறகும் மிச்சம் இருக்கும் அடைப்புதான் ஆபரேஷனுக்கான அடைப்பு. சி.டி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டி.என்.எஸ்.', அதாவது தண்டு வளைவு, என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். மனிதர்களில் பெரும்பாலோருக்குத் தண்டு கொஞ்சமாவது வளைந்துதான் இருக்கும், அந்த மூன்றெழுத்தை மட்டும் வைத்து ஆபரேஷன் மேஜையில் போய்ப் படுத்துவிடக் கூடாது. இரண்டு பக்கமும் மாறி மாறி அடைக்கிறது என்பதும் தண்டு வளைவுக்கு அடையாளம் அல்ல, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒருபக்கச் சதை வீங்கி மறுபக்கம் அடங்குவது பெரும்பாலான மூக்குகளில் நடப்பதுதான். ஒரே பக்கம், வருஷம் முழுக்க, கோடை குளிர் வித்தியாசம் இல்லாமல் அடைக்கிறதா என்று கவனியுங்கள்.

இப்போது ஸ்பிரேயின் பராமரிப்பு. மொமெட்டாசோன், ஃபுளூட்டிகசோன் வகை ஸ்பிரேக்கள் உடம்பில் கலப்பது மிகக் குறைவு, ஸ்டீராய்டு என்ற பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் போட்ட உடனே வேலை செய்யாது, முழுப்பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், நிறுத்தினால் பலனும் மெதுவாகப் போய்விடும். ஒரு மூக்குத் துவாரத்துக்கு இரண்டு பீய்ச்சல் வீதம் தினமும் நான்கு, 120 பீய்ச்சல் உள்ள புட்டி ஒரு மாதம் வரும். செலவை விடுங்கள், ஒழுங்கு வேண்டும். வலது கையால் இடது துவாரத்திலும் இடது கையால் வலது துவாரத்திலும், நுனியைக் கண்ணோரம் பார்த்துச் சாய்த்து அடிக்க வேண்டும். நேராக நடுத்தண்டில் அடித்தால் அங்கே காய்ந்து ரத்தம் கசியும், 'ஸ்பிரே எனக்கு ஒத்துக்கலை' என்பவர்களில் பலர் இப்படி அடித்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

கழுவும் தண்ணீர் விஷயத்தில் அலட்சியமே கூடாது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் கால் லிட்டருக்கு அயோடின் சேர்க்காத உப்பு கால் முதல் அரை டீஸ்பூன். குழாய்த் தண்ணீரை அப்படியே விடுவது ஆபத்து. 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரால் மூக்குக் கழுவிய இரண்டு பேர் மூளையைத் தின்னும் அமீபாவுக்குப் பலியானார்கள். யோகா வகுப்பில் ஜலநேதி கற்றவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

தம்பி இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிறான், அவனுக்குப் பலனும் வருகிறது. எனக்கும் இதே பராமரிப்புதான் சொன்னார்கள், செய்தேன், இடது பக்கம் ஜம்மென்று இருந்தது, வலது பக்கம் சுவர் மாதிரி அப்படியே. மாதம் ஒரு புட்டி வாங்கி, ஏற்கெனவே நன்றாக இருக்கும் பக்கத்துக்கே சேவகம் செய்துகொண்டிருப்பதில் என்ன அர்த்தம் என்று தோன்றியது.

இது என் ஒருத்தன் எண்ணம் மட்டும் இல்லை. தண்டு வளைந்த 378 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த நைரோஸ் ஆய்வு 2023இல் வெளியானது. பாதிப்பேருக்கு செப்டோபிளாஸ்டி, மீதிப்பேருக்கு ஆறு மாதம் ஸ்டீராய்டு ஸ்பிரேயும் உப்புநீர் ஸ்பிரேயும். 110க்குக் கணக்கிடும் தொந்தரவு மதிப்பெண்ணில், ஆறாவது மாதம் ஆபரேஷன் அணி சராசரி 19.9, ஸ்பிரே அணி 39.5. குறைந்தால் நல்லது. அதற்கு முன்பே 2019இல் நெதர்லாந்தில் 203 பேரிடம் நடத்திய ஆய்வும் ஆபரேஷன் பக்கமே சாய்ந்தது. கவனிக்க வேண்டியது, இரண்டுமே தண்டு வளைந்தவர்களை வைத்து நடந்தவை. தம்பி மாதிரி மூக்குக்கு இந்த எண்கள் எதுவும் சொல்லவில்லை.

ஆபரேஷனுக்கும் பராமரிப்பு உண்டு, ஆனால் அது முன்கூட்டியே மொத்தமாகக் கட்டிவிடும் வகை. பொதுவாக முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்வார்கள், வெளியே தழும்பு தெரியாது. மூக்கில் பஞ்சு வைத்து அடைத்திருந்தால் முதல் ராத்திரி மோசமான ராத்திரி, வாய் காய்ந்து, விழுங்கினால் காது அடைத்து, தூக்கமே வராது. இப்போது பல டாக்டர்கள் உள்ளே தையல் போட்டுவிட்டுப் பஞ்சைத் தவிர்க்கிறார்கள், உங்கள் டாக்டர் எப்படி என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தண்டைத் தாங்கிப் பிடிக்க உள்ளே சிலிகான் தகடு வைத்தால் அது ஒரு வாரம் போல இருக்கும். அதுவரை மூக்குச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனம் தூக்கக் கூடாது. பிறகு சில வாரம் உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவிக் கழுவிப் பொருக்கு எடுக்க வேண்டும். எனக்கு மேல்வரிசை முன்பற்கள் கொஞ்ச நாள் மரத்துப்போயின, இது சிலருக்கு வருவதுதான், தானாகச் சரியாகிவிட்டது. நைரோஸில் 4 சதவீதம் பேர் ரத்தக்கசிவோடு திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள், 12 சதவீதம் பேருக்குக் கிருமித்தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்பட்டது. தண்டில் ஓட்டை விழும் வாய்ப்பும் உண்டு, அபூர்வம். எல்லாம் ஆறிய பிறகு? மாதாந்தர வேலை என்று ஒன்றும் இல்லை. அங்கேதான் என் தராசு சாய்ந்தது.

டர்பினேட் விஷயத்தில் மட்டும் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள், 'சதையை வெட்டி எடுப்பீர்களா, சுருக்குவீர்களா' என்று. உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது அந்தச் சதைதான். அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், மூக்கு விரியத் திறந்திருந்தும் மூச்சு போவதே தெரியாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். சுருக்கினாலும், ஒவ்வாமை இருந்தால் சில வருஷத்தில் திரும்ப வீங்கலாம். அதனால் ஒவ்வாமையும் வளைவும் சேர்ந்து இருப்பவர்கள் ஆபரேஷன் முடிந்ததும் ஸ்பிரேயை வீசிவிட முடியாது, ஆனால் அடிக்கும் மருந்து உள்ளே போக இடமாவது இருக்கும்.

இன்னொன்று, கன்னத்தை விரலால் லேசாக வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். சட்டென்று மூச்சு இலேசானால் கோளாறு மூக்கின் வாசல் பகுதியிலும் இருக்கலாம், தண்டை மட்டும் நேராக்கினால் தீராது. குறட்டைக்காக ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் நிதானிக்க வேண்டும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் மூக்கைத் திறந்ததால் மட்டும் குணமாகிவிடாது.

எனக்கு ஆபரேஷன் முடிந்து சில வருஷம்தான் ஆகிறது, பத்து வருஷம் கழித்தும் இப்படியே இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஒவ்வாமை ஊசி பற்றியும் எங்கள் இருவருக்கும் சொந்த அனுபவம் கிடையாது, மூன்று முதல் ஐந்து வருஷம் தொடர வேண்டிய சிகிச்சை என்பதால் தம்பி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

பணம் பற்றி ஒன்று. இன்சூரன்ஸை நம்பி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன் பாலிசியைப் பிரித்துப் படியுங்கள். ஆரோக்கிய சஞ்சீவனி போன்ற பாலிசிகளில் சாதாரணக் காது மூக்கு தொண்டைக் கோளாறுகளுக்கு 24 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. பாலிசி எடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது, அவசரமும் இல்லை என்றால், மிச்ச நாளை ஸ்பிரேயில் ஓட்டலாம், எப்படியும் ஆபரேஷனுக்கு முன்னால் அதைப் போட்டுப் பார்க்கத்தான் சொல்வார்கள். 'அப்படியே மூக்கின் வெளி வடிவத்தையும் கொஞ்சம் அழகாக்கிவிடலாம்' என்று ஆசைப்பட்டால் அந்தப் பங்கு பொதுவாக உங்கள் கையிலிருந்துதான் போகும்.